இடி என்னும் பெயர் கொண்ட கப்பல்

கடற்போர் வரலாற்று நூல்களில் ஒவ்வொரு போர்க்கப்பலுக்கும் ஒரு குறிப்பு உண்டு. எந்தத் துறையில் கட்டப்பட்டது, எத்தனை பீரங்கிகளைச் சுமந்தது, எந்தெந்தச் சமர்களில் ஈடுபட்டது, யாரை மூழ்கடித்தது, யாரால் மூழ்கடிக்கப்பட்டது என்பன அதில் வரிசையாக இடம் பெறும். அது காப்பாற்றிய உயிர்களுக்கென்று அந்த வரிசையில் தனி இடம் இல்லை. போர்க்கப்பலின் வேலை அழிப்பதே என்று உலகம் எண்ணிப் பழகிவிட்டது. அழிப்பதற்கென்றே கட்டப்பட்டு, நாசகாரி என்னும் வகைப்பெயரையே தாங்கிய ஒரு கப்பல், ஒரே நாளில் தன் எதிரிகள் 442 பேரைக் கடலிலிருந்து தூக்கி எடுத்தது. ஜப்பானியக் கடற்படையைச் சேர்ந்த அந்த ‘இகாசுச்சி’யின் வரலாற்றை நாம் இங்கே எண்ணிப் பார்ப்போம்.

இகாசுச்சி என்னும் சொல்லுக்கு இடி என்பது பொருள். 1931ஆம் ஆண்டு அக்டோபரில் உராகா கப்பல் கட்டும் தளத்தில் நீரில் இறக்கப்பட்டு, 1932ஆம் ஆண்டு ஆகஸ்டில் கடற்படையில் சேர்ந்த கப்பல் இது. இதனோடு ஒரே அமைப்பில் பிறந்த மற்ற மூன்று கப்பல்களுக்கும் இயற்கையைத் தழுவிய பெயர்களே வைக்கப்பட்டன. அக்காட்சுகி என்றால் வைகறை, ஹிபிகி என்றால் எதிரொலி, இனாசுமா என்றால் மின்னல். பெயர்கள் கவிதை போல் இருந்தாலும் கப்பல்கள் கடுமையானவை. 118 மீட்டர் நீளம், 6 பீரங்கிகள், 9 டார்பிடோ குழாய்கள், மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் வேகம், 220 பேர் அளவிலான மாலுமிகள் என்பது இகாசுச்சியின் ஆற்றல். உலகின் வேறெந்தக் கடற்படையிலும் இவற்றுக்கு நிகரான நாசகாரிகள் அன்று அரிதாகவே இருந்தன.

1941ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பான் பசிபிக் போரில் இறங்கியபோது இகாசுச்சி ஹாங்காங் முற்றுகையில் பங்கு கொண்டது. பின்னர், அந்நாளில் டச்சுக்காரரின் ஆட்சியில் இருந்த கிழக்கிந்தியத் தீவுகளை, அதாவது இன்றைய இந்தோனேசியாவைக் கைப்பற்றும் படையெடுப்பில் சேர்ந்தது. கப்பலின் தலைவர் ஷுன்சாக்கு குடோ. ஜப்பானின் வடபகுதியிலுள்ள யாமகாத்தா மாநிலத்தில் 1901ஆம் ஆண்டு பிறந்தவர். அவருக்கு அப்போது வயது 41.

இவ்விடத்தில் ஒரு தயக்கத்தை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஜப்பானியப் படையைப் பாராட்டி எழுதத் தமிழர் எவருக்கும் கை எளிதில் எழாது. மலாயாவின் இரப்பர் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் சயாம் பர்மா இரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டதும், காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் அவர்கள் மடிந்ததும் அந்தப் படையின் ஆட்சியில்தான். அந்த வேதனையை ஒரு நற்செயல் துடைத்துவிடாது. துடைத்துவிட்டதாகக் காட்டுவது இறந்தோர்க்குச் செய்யும் அநீதியாகும். அந்த வேதனையை மறவாமலேயே நாம் இவ்வரலாற்றைத் தொடர வேண்டும். இருள் எவ்வளவு அடர்ந்தது என்று அறிந்தவருக்குத்தான் விளக்கின் பொருள் விளங்கும்.

ஜாவாக் கடலில்

1942ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் ஜாவாக் கடலில் பெரும் சமர் நடந்தது. டச்சு, பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் கப்பல்கள் டச்சுத் தளபதி கார்ல் டோர்மனின் தலைமையில் ஜப்பானியரை எதிர்த்தன. நேசநாட்டுப் படை சிதறியது. டோர்மன் தம் கப்பலோடு மூழ்கினார். அடிபட்ட பிரிட்டிஷ் குரூசர் எக்சிட்டர் சுரபயா துறைமுகத்துக்குத் திரும்பி, அரைகுறையாகச் செப்பனிடப்பட்டு, 28ஆம் நாள் மாலை மீண்டும் புறப்பட்டது. சுந்தா நீரிணை வழியாகத் தப்பி, இலங்கையின் கொழும்பை அடைவது அதன் நோக்கம். துணைக்கு என்கவுன்டர் என்னும் பிரிட்டிஷ் நாசகாரியும், போப் என்னும் அமெரிக்க நாசகாரியும் சென்றன.

அவை கொழும்பைக் காணவே இல்லை. மார்ச் முதல் நாள் காலையில் ஜப்பானியரின் 4 பெரிய குரூசர்கள் அவற்றைச் சூழ்ந்துகொண்டன. நண்பகலுக்குச் சற்று முன் எக்சிட்டர் மூழ்கியது. அதை அடுத்து என்கவுன்டர், அதன்பின் போப் என மூன்று கப்பல்களும் ஒரே நாளில் கடலுக்கடியில் சென்றன. எக்சிட்டரின் மாலுமிகளில் பெரும்பகுதியினரை அன்றே இனாசுமாவும் பிற ஜப்பானியக் கப்பல்களும் மீட்டன. மற்றவர்கள் கடலிலேயே விடப்பட்டனர்.

என்கவுன்டரில் பணியாற்றிய இளம் அதிகாரி ஒருவரின் பெயர் சாம் ஃபால். ஜெர்சித் தீவில் பிறந்தவர், வயது 23. கப்பலிலிருந்து கசிந்த எரிஎண்ணெய் நீர்ப்பரப்பெங்கும் பரவி, மிதந்தவர்களின் உடலை மூடியது; கண்களில் புகுந்து பார்வையை மறைத்தது. வெப்ப மண்டலத்தின் வெயில் மேலே, அடியில் ஆழ்கடல், குடிக்க நீர் இல்லை. பகல் போய் இரவு வந்தது. இரவு போய் மறுநாள் விடிந்தது. ஏறக்குறைய 20 மணி நேரம் அவர்கள் இப்படி மிதந்தார்கள். ஒருவரையொருவர் தாங்கிக் கொண்டவர்களில் சிலர் மெல்லப் பிடி தளர்ந்து மறைந்தார்கள்.

மார்ச் 2ஆம் நாள் காலையில் அவர்களை நோக்கி ஒரு கப்பல் வந்தது. அதில் பறந்தது ஜப்பானியக் கொடி. இனித் துப்பாக்கிதான் பேசும் என்றே ஃபால் எண்ணினார். தாம் கேள்விப்பட்டிருந்த ஜப்பானியரிடம் வேறெதையும் அவர் எதிர்பார்க்கவில்லை. வந்த கப்பல் இகாசுச்சி.

சட்டம் விட்டுவைத்த வாசல்

அந்த நேரத்தில் குடோவின் முன்னிருந்த நிலைமையை நாம் சற்றே நின்று காண்பது நல்லது. கடற்போரில் கப்பல் உடைந்து தத்தளிப்போரைப் பற்றி 1907ஆம் ஆண்டு ஹேக் மாநாட்டு உடன்படிக்கை பேசுகிறது. சமர் முடிந்தபின் இரு தரப்பாரும் அத்தகையோரைத் தேடிக் காக்க முயல வேண்டும் என்று அது விதிக்கிறது. ஆனால், இராணுவத்தின் நலன் இடம்கொடுக்கும் அளவிற்கு என்னும் ஒரு வரம்பையும் அதே விதி உடன்சேர்த்தே கூறுகிறது. அந்த வரம்பு ஒரு வாசல். காக்க விரும்பாதவன் அதன் வழியே குற்றமின்றி வெளியேறிவிடலாம்.

குடோவுக்கு அந்த வாசல் அகலத் திறந்திருந்தது. கடலில் நிற்கும் கப்பல் நீர்மூழ்கிக் கப்பலுக்கு எளிய இலக்கு. அந்தக் கடலில் அமெரிக்க நீர்மூழ்கிகள் உண்மையாகவே உலவின. மறுநாள் மார்ச் 3இல் ‘பெர்ச்’ என்னும் அமெரிக்க நீர்மூழ்கி அதே ஜாவாக் கடலில்தான் அழிந்தது. 220 பேர் கொண்ட தம் கப்பலில் அதைப் போல் இரு மடங்கு எதிரிகளை ஏற்றினால் என்ன நேரும் என்பதும் தெளிவில்லை. கடந்துபோயிருந்தால் அவரை விசாரிக்க யாரும் இல்லை. தம் மாலுமிகளின் உயிருக்குப் பொறுப்பானவர் என்ற முறையில், கடந்துபோவதற்கு மதிக்கத்தக்க காரணமும் அவரிடம் இருந்தது.

எரிகோ செல்லும் வழியில் அடிபட்டுக் கிடந்தவனைப் பற்றி நம் ஆண்டவர் சொன்ன உவமையில் (லூக்கா 10) குருவும் லேவியனும் விலகிச் சென்றதைக் கேட்டு நாம் எளிதில் அவர்களைக் கடிந்துகொள்கிறோம். அந்த வழி கள்வர் நிறைந்த வழி என்பதை மறந்துவிடுகிறோம். அங்கே நிற்பதே ஆபத்து. சமாரியன் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்ப்பதற்கு முன், சத்திரக்காரனுக்குத் தெனாரியம் கொடுப்பதற்கு முன், செய்த முதற்செயல் நின்றதுதான். இரக்கம் கேட்கும் முதல் விலை அது.

குடோ தம் கப்பலை நிறுத்தினார்.

கப்பலின் தளத்தில்

மீட்புப் பணி நடைபெறுவதை அறிவிக்கும் கொடி ஏற்றப்பட்டது. பக்கவாட்டில் கயிறுகளும் ஏணிகளும் இறக்கப்பட்டன. இருபது மணி நேரம் நீரில் கிடந்தவர்களின் கைகளில் வலு இல்லை. எண்ணெயில் நனைந்த விரல்களில் கயிறு நிற்கவில்லை. ஆகவே ஜப்பானிய மாலுமிகளில் சிலர் தாங்களே கடலில் இறங்கி, அவர்களின் உடலைக் கயிற்றால் கட்டி மேலே அனுப்பினார்கள். ஒரு கூட்டத்தை ஏற்றியதும் பணி முடிந்துவிடவில்லை. கப்பல் மெல்ல நகர்ந்து, தொலைவில் தனியே மிதந்தவர்களையும் தேடிச் சென்றது. ஒருவருக்காகவும் நின்றது. இவ்வாறு என்கவுன்டரின் மாலுமிகளும் அதனோடு வந்த நேசநாட்டுக் கப்பல்களின் மாலுமிகளுமாக 442 பேர் இகாசுச்சியின் தளத்தை அடைந்தார்கள்.

அடைந்தவர்களுக்கு நடந்தது ஃபாலை இன்னும் வியப்பில் ஆழ்த்தியது. துணியையும் சாராயத்தையும் கொண்டு அவர்கள் மேலிருந்த எண்ணெய்ப் படலத்தை ஜப்பானியர் துடைத்தார்கள். கண்களைக் கழுவினார்கள். உடுத்தச் சட்டையும் கால்சட்டையும் கொடுத்தார்கள். பாலும் பீரும் பிஸ்கட்டும் வந்தன. வெயில் படாமலிருக்கத் தளத்தில் துணிப்பந்தல் கட்டப்பட்டது. பின்னர் குடோ பிரிட்டிஷ் அதிகாரிகளை ஒன்றுகூட்டி, முறைப்படி வணக்கம் செலுத்தி, ஆங்கிலத்தில் பேசினார். நீங்கள் வீரத்தோடு போரிட்டீர்கள், இன்று நீங்கள் ஜப்பானியக் கடற்படையின் விருந்தினர்கள் என்பது அவர் பேச்சின் சாரம்.

கைதி என்று சொல்லியிருக்கலாம், விருந்தினர் என்றார். அந்தச் சொல்லை ஃபால் தம் வாழ்நாள் முழுவதும் சுமந்தார்.

மறுநாள் அவர்கள், ஜப்பானியர் கைப்பற்றியிருந்த டச்சு மருத்துவமனைக் கப்பல் ஒன்றுக்கு மாற்றப்பட்டார்கள். அதன்பின் தொடர்ந்தது கைதி வாழ்க்கை. செலிபீஸ் தீவின் மக்காசர் முகாமில் அவர்கள் பட்ட பசியும் அடியும் நோயும் கடுமையானவை. பலர் தாய்நாடு திரும்பவில்லை. குடோவின் கருணை அவர் கப்பலின் எல்லைக்குள் மட்டுமே ஆட்சி செய்தது. அதற்கப்பால் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால், தம் ஆட்சிக்குட்பட்ட அந்த 118 மீட்டர் நீளத்தில் அவர் செய்யக்கூடியதைச் செய்தார்.

ஒரே கடற்படை, இரண்டு கப்பல்கள்

இதே கடற்படையில் இரண்டு ஆண்டுகளுக்குப் பின் நடந்த வேறொன்றையும் இங்கே அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 1944ஆம் ஆண்டு மார்ச்சில் இந்தியப் பெருங்கடலில் பெஹார் என்னும் பிரிட்டிஷ் சரக்குக் கப்பலை ஜப்பானியக் குரூசர் தோனே மூழ்கடித்தது. உயிர் பிழைத்தவர்களை ஏற்றிக்கொண்டது. அவர்களுள் நம் நாட்டு மாலுமிகளும் இருந்தனர். சில நாட்களுக்குப் பின், அட்மிரல் சாகோஞ்சுவின் கட்டளையின் பேரில், ஏற்றப்பட்டவர்களுள் 60க்கும் மேற்பட்டோர் கப்பலின் தளத்திலேயே கொல்லப்பட்டார்கள். கப்பல் தலைவர் முதலில் தயங்கினார், இறுதியில் பணிந்தார். போருக்குப் பின் ஹாங்காங்கில் நடந்த விசாரணையில் அட்மிரலுக்குத் தூக்குத் தண்டனையும், கப்பல் தலைவருக்கு 7 ஆண்டுச் சிறையும் விதிக்கப்பட்டன.

இரண்டு கப்பல்களிலும் ஒரே கொடி பறந்தது. இரண்டின் அதிகாரிகளும் ஒரே கல்வி பெற்றவர்கள். ஆகவே இனத்தின் மீதோ நாட்டின் மீதோ பழியையோ புகழையோ மொத்தமாக ஏற்றிவிட நமக்கு இடமில்லை. 1943ஆம் ஆண்டு மார்ச்சில் பிஸ்மார்க் கடல் சமருக்குப் பின் நீரில் தத்தளித்த ஜப்பானியர்களை நேசநாட்டு விமானங்களும் படகுகளும் சுட்டதையும் வரலாறு பதிவு செய்திருக்கிறது. கொடுமைக்கு ஒரே ஒரு தாய்நாடு இல்லை. இரக்கத்துக்கும் இல்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏட்டின் 79ஆம் பிரிவு இதைத்தான் வலியுறுத்துகிறது. கட்டளைக்குக் கண்மூடிப் பணிந்தேன் என்பது கொடுமைக்குச் சாக்காகாது என்றும், அத்தகைய கட்டளைகளை அஞ்சாமல் எதிர்ப்போர் மிக உயர்ந்த பாராட்டுக்கு உரியோர் என்றும் அது கற்பிக்கிறது. மனச்சான்று இறுதியில் ஒவ்வொரு மனிதனிடமும் தனித்தனியே கேள்வி கேட்கிறது.

இடி ஓய்ந்தது

குடோ 1942ஆம் ஆண்டிலேயே இகாசுச்சியை விட்டு ஹிபிகியின் தலைமையை ஏற்றார். இகாசுச்சி தொடர்ந்து போரிட்டது. வடக்கே பனி உறைந்த அலூஷியன் தீவுகளுக்குச் சென்றது. 1942 அக்டோபர் 25இல் குவாடல்கனாலுக்கு அருகே அமெரிக்கச் சிறு கப்பல்கள் இரண்டை மூழ்கடிப்பதில் பங்கு கொண்டது. நவம்பரில் அதே இடத்தில் நடந்த இரவுச் சமரில் அக்காட்சுகி அழிந்தது. இகாசுச்சி அடிபட்டுத் திரும்பியது. பின்னர்ப் பெரும்பாலும் சரக்குக் கப்பல்களுக்குத் துணை செல்லும் பணியே அதற்கு அமைந்தது.

1944ஆம் ஆண்டு ஏப்ரல் நடுவில் ‘சான்யோ மாரு’ என்னும் கப்பலுக்குத் துணையாக அது பசிபிக்கில் சென்றுகொண்டிருந்தது. குவாம் தீவுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 200 கடல் மைல் தொலைவில், சாமுவேல் டீலியின் தலைமையிலிருந்த ‘ஹார்டர்’ என்னும் அமெரிக்க நீர்மூழ்கி அதை எதிர்கொண்டது. நாசகாரி தன்னை நோக்கி ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவு வரும்வரை டீலி காத்திருந்து, டார்பிடோக்களைச் செலுத்தினார். இகாசுச்சி சில நிமிடங்களில் மூழ்கியது. 442 பேர் காப்பாற்றப்பட்ட அந்தத் தளத்திலிருந்து ஒருவர்கூட உயிர் பிழைக்கவில்லை.

ஹார்டரும் நெடுநாள் வாழவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 24இல் பிலிப்பைன்சின் லுசோன் தீவுக்கருகே, டீலியுடனும் 78 மாலுமிகளுடனும் அது அழிந்தது. அதன் சிதைவு 2024ஆம் ஆண்டில்தான் ஆழ்கடலில் அடையாளம் காணப்பட்டது. நான்கு உடன்பிறப்புக் கப்பல்களில் போரின் முடிவைக் கண்டது ஹிபிகி ஒன்றே.

நன்மை செய்தவர்க்கு நன்மையே விளையும் என்று கணக்குப் போடுவோர் இங்கே திகைக்க நேரும். மீட்ட கப்பலை மீட்க ஒரு கப்பல் வரவில்லை. உவமையின் சமாரியன் சத்திரத்தை விட்டுப் புறப்பட்டபின் அவனுக்கு என்ன நேர்ந்தது என்று நற்செய்தியும் சொல்லவில்லை. கைம்மாறு கிடைத்ததாக அங்கே ஒரு சொல்லும் இல்லை. இரக்கம் கைம்மாற்றுக்கான முதலீடு அன்று என்பதற்குக் கல்வாரியை விடப் பெரிய சான்று நமக்கு வேண்டுவதில்லை.

மௌனமும் நன்றியும்

போர் முடிந்தபின் குடோ எளிய வாழ்வு வாழ்ந்தார். 1979ஆம் ஆண்டு, தமது 78ஆம் வயதை ஒட்டி இறந்தார். ஜாவாக் கடலில் நடந்ததை அவர் வீட்டாரிடம்கூடச் சொல்லவில்லை. தோற்ற நாட்டின் படைவீரர் பேச விரும்பாதது இயல்பு என்று சொல்லலாம். தாம் விட்டுவந்த கப்பலின் தோழர்கள் அனைவரும் மாண்டபின், தம் பெருமையைப் பேச அவருக்கு நா எழுந்திருக்குமா? வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்னும் நற்செய்தியின் அறிவுரையை அவர் கேட்டிருந்தாரோ இல்லையோ, அதன்படி வாழ்ந்தார்.

ஃபால் விடுதலை பெற்று, பிரிட்டனின் வெளியுறவுத் துறையில் சேர்ந்தார். ஸ்வீடனில் தூதராகவும் சிங்கப்பூரிலும் நைஜீரியாவிலும் உயர் ஆணையராகவும் பணியாற்றி, சர் பட்டமும் பெற்றார். 1996ஆம் ஆண்டு வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றில் குடோவின் செயலை நன்றியோடு எழுதினார். 2003ஆம் ஆண்டு ஜப்பானுக்குச் சென்று தம்மைக் காத்தவரைப் பற்றி விசாரித்தார். அவர் கிளப்பிய தேடலின் விளைவாக, மெகுமி ரியூனோசுகே என்னும் எழுத்தாளர் ஆராய்ந்து எழுதிய நூல் 2006ஆம் ஆண்டு வெளிவந்தது. தங்களிடையே வாழ்ந்து மறைந்த மனிதர் யார் என்பதை ஜப்பானியரே அதன்பின்தான் பரவலாக அறிந்தனர். 2008ஆம் ஆண்டு டிசம்பரில், 89 வயது முதியவராக, ஃபால் மீண்டும் ஜப்பான் சென்று குடோவின் கல்லறை முன் நின்று வணங்கினார். 2014ஆம் ஆண்டு அவரும் இறந்தார்.

இதில் நம் உள்ளத்தைத் தொடுவது ஒன்றுண்டு. செய்தவர் மறைத்தார், பெற்றவர் மறக்கவில்லை. மக்காசர் முகாமின் கொடுமைகளை நினைத்து வெறுப்பை வளர்த்துக்கொள்ள ஃபாலுக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஒரே நாளின் இரக்கம் அவருக்குள் அந்த ஆண்டுகளையெல்லாம் தாங்கி நின்றது.

எஞ்சி நிற்பது

ஜாவாக் கடலின் அடியில் கிடந்த எக்சிட்டர், என்கவுன்டர் ஆகிய கப்பல்களின் சிதைவுகள் 2007ஆம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்டன. 2016ஆம் ஆண்டு மீண்டும் ஆராய்ந்தபோது அவை பெரும்பாலும் அங்கே இல்லை. பழைய இரும்புக்காகக் கள்ளத்தனமாக அறுத்தெடுக்கப்பட்டுவிட்டன. கல்லறையாகக் கருதப்பட்ட இரும்பும் போய்விட்டது. அந்தக் கடலில் நடந்தவற்றுள் இன்று கைக்கெட்டும்படி எஞ்சியிருப்பது, ஒருவர் தம் கப்பலை நிறுத்தினார் என்னும் நினைவே.

கடலோர ஊர்களில் வாழும் நம் இறைமக்களுக்கு இது அயலான செய்தியன்று. அலையில் தத்தளிப்பவன் எந்த ஊரான், எந்தச் சாதியான் என்று கேட்டறிந்து கயிறு வீசும் வழக்கம் நம் மீனவரிடம் இல்லை. ஆனால் கரையேறியபின் நாம் வேறு மனிதர்களாகி விடுகிறோம். திருவிழா முறைக்காகப் பிரிந்துபோன தெருக்கள், சொத்து வழக்கால் பேச்சற்றுப் போன உடன்பிறப்புகள், கல்லறைத் தோட்டத்திலும் சாதிச் சுவர் எழுப்பிய பங்குகள் நம்மிடையே உண்டு. அங்கெல்லாம் கடந்துபோவதற்கு மதிக்கத்தக்க காரணம் ஒவ்வொருவரிடமும் இருக்கிறது. எதிரி பசித்திருந்தால் உணவு கொடு என்று திருத்தூதர் பவுல் உரோமையருக்கு எழுதியபோது அந்தக் காரணங்களை அவர் அறியாதவர் அல்லர். அறிந்தே எழுதினார்.

குடோ கிறித்துவை அறிந்து அறிக்கையிட்டவர் அல்லர். சமாரியனும் எருசலேம் ஆலயத்தைச் சேர்ந்தவன் அல்லன். இறுதித் தீர்ப்பு நாளில் வலப்பக்கம் நிற்போர், ஆண்டவரே, எப்போது உம்மைப் பசித்தவராகவும் அன்னியராகவும் கண்டோம் என்று கேட்பார்கள் என்று மத்தேயு நற்செய்தி கூறுகிறது. அறியாமலே தமக்குச் செய்தவர்களை ஆண்டவர் அறிந்திருக்கிறார். இந்த உறுதியே நமக்கு ஆறுதல். பெயரை மட்டும் சுமந்து செயலைச் சுமவாதோர்க்கு அதுவே எச்சரிக்கையும் ஆகும்.

இறந்தோரை நினைவுகூரும் நவம்பர் மாதத்தில் கல்லறைகளில் நாம் விளக்கேற்றும்போது, கல்லறையே இல்லாதவர்களுக்காகவும் ஒரு மன்றாட்டைச் சேர்த்துக்கொள்வோம். எக்சிட்டர், என்கவுன்டர், போப் கப்பல்களோடு மறைந்தோர்க்காகவும், இகாசுச்சியின் மாலுமிகளுக்காகவும், அதை மூழ்கடித்துத் தாமும் மூழ்கிய ஹார்டரின் மாலுமிகளுக்காகவும், தோனேயின் தளத்தில் கொல்லப்பட்ட நம் நாட்டவர்க்காகவும், சயாம் காட்டில் பெயரின்றிப் புதைந்த நம் உறவுகளுக்காகவும் அந்த மன்றாட்டு ஒன்றாகவே எழட்டும். அவர்கள் அனைவரையும் தனித்தனியே பெயர்சொல்லி அறிந்தவர் ஒருவர் இருக்கிறார்.